ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு: மேல் கொத்மலை வழக்கும் அதன் பின்னரும்

பாரிய திட்டமொன்று தாமதமாகும் போதெல்லாம் கொழும்பில் ஒரே குற்றச்சாட்டு எழுவதை முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். "வழக்குப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்பதே அது. அமைச்சர்கள் சொல்வார்கள், பொறியியலாளர்கள் சொல்வார்கள், எங்கள் பத்திரிகைத் தலையங்கங்களும் அவ்வப்போது சொல்லும். இப்போது இக்குரலுக்கு இலண்டனிலிருந்தும் வலுச் சேர்ந்திருக்கிறது. பாரிய உட்கட்டமைப்புத் திட்டங்களுக்கு எதிரான வழக்குகள் நாட்டை முடக்குகின்றன என்று சொல்லி, அவற்றை நீதிமன்றங்கள் மீளாய்வு செய்யும் முறையைப் பிரித்தானிய அரசு சுருக்கியிருக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாமே என்பவர்களுக்கு, எங்கள் மலையகத்திலேயே நடந்து முடிந்த ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

றொசல்ல நிலையத்தில் ரயிலேறிக் கிழக்கே செல்பவர் அட்டனையும் சிங்கமலைச் சுரங்கத்தையும் கொட்டகலையையும் தாண்டியதும், தலவாக்கலைக்கு முன்பாக சென். கிளேயர் அருவியைக் காண்பார். நாட்டின் மிக அகலமான நீர்வீழ்ச்சிகளில் ஒன்று. எங்கள் சிறுவயதில் அது தன் விருப்பப்படி விழுந்துகொண்டிருந்தது. இன்று அதில் விழும் நீர் ஓர் உடன்படிக்கையின்படி திறந்துவிடப்படும் நீர். அந்த உடன்படிக்கை எப்படி வந்தது என்பதுதான் இங்கே சொல்லப்படும் கதை.

அதற்கு முன், அத்தகைய உடன்படிக்கை எதுவும் இல்லாத காலத்தைப் பார்க்க வேண்டும். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சிக் காலங்களில் நீர் வடிந்ததும் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தலைகாட்டுவதும், அவற்றைப் பார்க்க மக்கள் திரள்வதும், அதன் படங்களை நாங்கள் பிரசுரிப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்நகரத்தை மூழ்கடிக்கும் முடிவு சரியா என்று கேட்கும் வழிமுறை எதுவும் அன்று சட்டத்தில் இருக்கவில்லை.

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1979இல் தொடங்கி 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணையும் அப்படித்தான். சுமார் 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. விகாரைகளும் வயல்களும் மூழ்கின. அங்கு மூழ்கியவை பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அணைக்கட்டு இனம் பார்ப்பதில்லை. ஆனால் யாரிடம் காணி உறுதி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை அது நன்றாகவே பார்க்கும். இதைப் பின்னால் பார்ப்போம்.

1980இல் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. ஆயினும் பல் முளைத்தது 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தோடுதான். குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. எவை அத்தகைய திட்டங்கள் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி பட்டியலிட்டது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் அதில் இருந்தன. 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் மீள்குடியேற்றமும் இருந்தது. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்துச் சொல்லலாம். எமது பிராந்தியத்தில் அந்நாளில் இது முற்போக்கான சட்டமே.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. அனுமதி மறுக்கப்பட்டால், திட்டத்தை முன்வைத்தவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டால், அதனால் வீடிழப்பவருக்கு மேன்முறையீடு இல்லை. கதவு ஒருபக்கம் மட்டுமே திறந்தது. மறுபக்கத்தில் நின்றவருக்கு எஞ்சிய வழி நீதிமன்றம் ஒன்றுதான். அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அல்லது 126ஆம் உறுப்புரையின் கீழ், உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். வழக்குகள் பெருகிவிட்டன என்று குறைப்படுவோர் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. இடையில் வேறு படியே வைக்காமல் கட்டிய வீட்டில் எல்லோரும் கூரையில் ஏறுகிறார்கள் என்று முறைப்பாடு செய்வதைப் போன்றது இது.

மேல் கொத்மலைத் திட்டத்தை 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய உதவியோடு ஆராய்ந்தார்கள். கலிடோனியாப் பக்கம் பெரிய நீர்த்தேக்கமொன்றும் முதலில் யோசனையில் இருந்தது. பின்னர் அது விடப்பட்டு, தலவாக்கலையில் சிறு அணை கட்டி, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே நீரைக் கொண்டுசென்று 150 மெகாவாட் உற்பத்தி செய்யும் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1994இல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போனது. அதிகாரசபை அனுமதி மறுத்தது. ஓர் அரச நிறுவனம் மற்றோர் அரச நிறுவனத்தின் பெருந்திட்டத்துக்கு மறுப்புச் சொன்னது எங்கள் நிர்வாக வரலாற்றில் அபூர்வமான காட்சி. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. மீண்டும் செய்தது. இறுதியில் 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

அதன் பிறகே சுற்றாடல் அமைப்பினர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். வழக்குத் தீர்ப்புவரை போகவில்லை. 2000ஆம் ஆண்டில் இணக்கத்தோடு முடிந்தது. பகற்பொழுதில் சென். கிளேயர் அருவியில் நீர் விழச் செய்ய வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விடயங்களில் முக்கியமானது. இந்த நீண்ட இழுபறிக்குள், கிளையாறுகள் பலவற்றின் நீரையும் சுரங்கத்துக்குள் இழுக்கும் ஆரம்ப யோசனையும் கைவிடப்பட்டது. அதனால் உற்பத்தி ஓரளவு குறைந்தது. வேறு அருவிகள் பிழைத்தன.

இப்போது ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆய்வு முடிந்தது 1987இல். மின்னிலையம் திறக்கப்பட்டது 2012இல். இடையில் 25 ஆண்டுகள். இவற்றில் வழக்குக்குப் போனது, கூட்டிக் கழித்தாலும், இரண்டு ஆண்டு அளவே. 2002 மார்ச்சில் ஜப்பானியக் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. பிரதான கட்டுமானம் சூடுபிடித்ததோ 2007ஐ ஒட்டி. அந்த ஐந்து ஆண்டுகளைத் தின்றது எந்த நீதிபதியும் அல்ல. ஆட்சி மாற்றங்கள், கேள்விப்பத்திர நடைமுறைகள், மலையகத்தின் அரசியல் எதிர்ப்பு ஆகியவையே. தலவாக்கலையைத் தம் தளமாகக் கொண்டிருந்த பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும், வேறு எதிலும் ஒன்றுபடாதவை, இந்த எதிர்ப்பில் ஒரே பக்கம் நின்றன. பின்னர் இரண்டும் இறங்கி வந்தன. எதற்காக என்பது தனிக் கட்டுரைக்குரியது.

எதிர்த்தரப்பு வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 150 மெகாவாட் என்பது சிறிய விடயமல்ல. நாங்கள் அனைவரும் 1996இன் மின்வெட்டை அனுபவித்தவர்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்தி எழுதியவர்கள். தாமதத்தின் ஒவ்வோர் ஆண்டும் எரித்த டீசலாகவும் உயர்ந்த கட்டணமாகவும் மக்கள் தலையில்தான் விழுந்தது. அதை மறுப்பதற்கில்லை. கேள்வி, அந்தத் தாமதத்தை உண்டாக்கியவர் யார் என்பதே.

மேற்பார்வையைத் தாண்டிக் குதித்தால் வேகம் வரும் என்ற நம்பிக்கைக்கு உமா ஓயா ஒரு பதில். ஈரானிய ஜனாதிபதி அஹமதிநெஜாத் 2008 ஏப்ரலில் வந்து அடிக்கல் நாட்டினார். சுற்றாடல் அனுமதி அதற்குப் பிறகே வந்தது. முதலில் கல், பிறகு ஆய்வு. 2014இன் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் கசியத் தொடங்கியது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஈரான் மீதான தடைகளும் நிதியைக் கெடுத்தன. மற்றொரு ஈரானிய ஜனாதிபதியான ரைசி 2024 ஏப்ரலில் வந்துதான் அது திறக்கப்பட்டது. அடிக்கல்லிலிருந்து 16 ஆண்டுகள். வழக்கையும் உடன்படிக்கையையும் கடந்துவந்த மேல் கொத்மலையோ, கட்டத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் முடிந்தது.

இனி, முன்னர் சொன்ன காணி உறுதி விடயத்துக்கு வருகிறேன். மேல் கொத்மலையால் ஏறக்குறைய 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களில் கணிசமானோர் லயன் காம்பிராக்களில் இருந்தவர்கள். வழக்கில் பேசப்பட்டது பெரும்பாலும் அருவியைப் பற்றி. இது யாருடைய குற்றமும் அல்ல; அருவிக்காகப் பேச அமைப்பு இருந்தது. 2000களின் தொடக்கத்தில் தலவாக்கலைக் கூட்டமொன்றில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தபோது, நீதிமன்றம் போகலாமே என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். "கோட்டுக்குப் போறதுன்னா, யாரு காணின்னு சொல்லிட்டுப் போறது தம்பி?" என்றார் அவர். அந்தக் கேள்வியை அன்று செய்தியில் சேர்த்தேன். அச்சில் வரவில்லை.

அதே 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நிறுவனமொன்றோடு அரசு செய்யவிருந்த சுரங்க உடன்படிக்கையை நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க தலைமையிலான அமர்வு நிறுத்தியது. இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களோடு சேர்ந்த பாதுகாவலரே என்ற கோட்பாட்டை மகிந்த தேரர் தேவநம்பியதிஸ்ஸ மன்னனுக்குச் சொன்ன அறிவுரைவரை பின்னோக்கிச் சென்று நிறுவிய தீர்ப்பு அது. எமது நீதித்துறையின் பெருமைகளில் ஒன்று. ஆனால் மனுதாரர்கள் எழுவரும் யார்? அப்பகுதி வயல், தோட்டக் காணிகளின் உரிமையாளர்களும் விகாரைப் பொறுப்பாளர்களும். மண்ணில் அவர்களுக்கு வேர் இருந்தது. அந்த வேருக்குக் காகிதமும் இருந்தது. தலவாக்கலை லயத்தில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவருக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

மலையக மக்களுக்கு எழுத்தாணை என்ற சொல் புதியதல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் அதை முதலில் கேட்டது கசப்பான விதத்தில். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை, மீளாய்வு அதிகாரியான சிவஞானசுந்தரத்திடம் முறையிட்டு வென்றார். பதிவு அதிகாரியான முதனாயக்க உயர் நீதிமன்றம் சென்றார். 1951இல் உறுதிகேள் எழுத்தாணை மூலம் அந்த வெற்றி நீக்கப்பட்டது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அதையே உறுதிசெய்தது. எனவே நீதித்துறை மீளாய்வு எப்போதும் எளியவர் பக்கமே என்று நான் எழுத முடியாது. எங்கள் சமூகத்தின் வாக்குரிமை பறிபோனதற்கு முத்திரை குத்தியதும் அதே ஆயுதந்தான். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. மேல் கொத்மலை வழக்கு நடந்த நாட்களில், அந்த ஆற்றோரத் தோட்டங்களில் நாட்டின் பிரஜை என்ற தகுதியே இல்லாதவர்கள் இன்னும் இருந்தார்கள்.

நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தாமலே நியாயம் வழங்க முடியும் என்பதையும் எங்கள் வரலாறு காட்டியிருக்கிறது. தென்பகுதி அதிவேகப் பாதையின் தடம், மக்களைக் கேட்காமல் மாற்றப்பட்டது. 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, மனுதாரர்களுக்குச் செவிமடுக்கத் தவறியது இயற்கை நீதிக்கு முரண் என்றார். பாதையை நிறுத்தவில்லை. நாட்டுக்குப் பாதை வேண்டும். அதற்கு விலையாக அவர்களின் உரிமை மீறப்பட்டிருந்தால் அரசு அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற நோக்கில், ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபா வழங்கப் பணித்தார். தொகை சிறியது. வாகனங்கள் இன்று மாத்தறைக்கு அந்தப் பாதையில்தான் பறக்கின்றன.

இந்தியாவில் வேறு விதமான பாடங்கள். 2000 ஒக்டோபரில் நர்மதை வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அணைவேலை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து வந்ததை மனுதாரருக்கு எதிராகக் கொண்டது. சேலம் எட்டுவழிச் சாலைக்கான நிலக் கையகப்படுத்தலை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் டில்லி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றியது. முன்கூட்டியே வந்தால் 'இன்னும் எதுவும் நடக்கவில்லையே' என்பார்கள். பிந்தி வந்தால் 'எல்லாம் முடிந்துவிட்டதே' என்பார்கள். வழக்காடும் ஏழைக்கு எது சரியான நாள் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை.

இப்போது இலண்டனுக்கு வருவோம். பாரிய திட்ட அனுமதிகளில் 58 சதவீதம் நீதிமன்றம் செல்கின்றன என்று 2025 ஜனவரியில் பிரித்தானிய அரசு சொன்னது. அங்கே வழக்குத் தொடர ஆறு வாரம். நீதிபதியின் அனுமதி பெற மூன்று சந்தர்ப்பங்கள் இருந்தன: முதலில் எழுத்து வடிவில், பிறகு நேரில், பிறகு மேன்முறையீட்டில். முற்றிலும் தகுதியற்றவை என்று தீர்மானிக்கப்படும் வழக்குகளுக்கு இச்சந்தர்ப்பங்களைக் குறைப்பதே சீர்திருத்தத்தின் சாரம். இதில் தவறு காண்பது கடினம். ஆனால் அந்த நாட்டில் வழக்குக்கு முன்பாகப் பல மாத விசாரணை உண்டு, பரிசோதகர்கள் உட்கார்ந்து மக்களைக் கேட்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். கூரைக்குப் போகும் மூன்று ஏணிகளில் இரண்டை எடுத்தாலும் அவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம்மிடமுள்ள ஒற்றை ஏணியையும் எடுத்துவிடுவோம் என்பது வேறு விடயம்.

எங்களுக்கும் சீர்திருத்தம் வேண்டும். ஆனால் மறுமுனையிலிருந்து வேண்டும். அனுமதிக்கு எதிராகவும் மேன்முறையீடு இருக்கட்டும். அதைக் கேட்பவர் அமைச்சின் செயலாளராக இல்லாமல் சுயாதீனக் குழுவாக இருக்கட்டும். அதற்கும் கால எல்லை வைக்கட்டும். அதைச் செய்தால் நீதிமன்றம் வரும் வழக்குகள் தாமாகவே குறையும். வீட்டில் வசிப்பதே மனுத் தாக்கல் செய்யப் போதிய தகுதி என்பது எழுத்தில் வரட்டும்.

இது ஏன் இப்போது அவசரம்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் லயங்கள் புதைந்தன, வீதிகள் அறுந்தன, எங்கள் ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. மீள்கட்டுமானம் பாரிய அளவில் நடக்க வேண்டும், விரைந்தும் நடக்க வேண்டும். ஆனால் 100 குடும்பங்களுக்கு மேற்பட்ட மீள்குடியேற்றத்துக்கு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அந்த 1993 வர்த்தமானி, அதே வரியில் ஒரு விலக்கையும் வைத்தது: அவசரகால நிலைமைகளில் நடக்கும் மீள்குடியேற்றம் நீங்கலாக. புயல் மறுநாள் ஆட்களைப் பாடசாலைக்கு மாற்றுவதற்கு அந்த விலக்கு நியாயம். நிரந்தரக் குடியிருப்பு எந்தச் சரிவில், எந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், யார் பெயரில் என்று தீர்மானிப்பதற்கும் அது நீளுமா? நீண்டால், அங்கே போகவிருப்பவர்களுக்குக் கருத்துச் சொல்லும் அந்த 30 நாட்கள்கூட இல்லை.

30 நாட்கள் கிடைத்தாலும் அவை எப்படிப் போகும் என்பதையும் ஒரு பத்திரிகைக்காரனாகச் சொல்ல வேண்டும். சட்டப்படியான அறிவித்தல் பத்திரிகையின் உட்பக்கத்தில், ஏல விற்பனை விளம்பரங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே, உருப்பெருக்கி தேவைப்படும் எழுத்தில் வரும். அந்தப் பக்கத்தைத் தோட்டத்தில் வடை சுற்றிய தாளாகத்தான் பலர் பார்த்திருப்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடும்போது அதைத் தமிழில் வாசிக்கச் செய்வதற்கு ஒரு சுற்றுநிருபம் போதும். சட்டத் திருத்தம்கூட வேண்டாம். அறிக்கையின் பிரதி கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் இருக்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதம், வர்த்தமானித் திகதியிலிருந்து அல்லாமல் அப்படி வாசித்த நாளிலிருந்து எண்ணப்படலாம். ஏனெனில் தோட்டத்தில் ஒரு மாதத்துக்குச் சம்பள நாள் ஒன்றுதான். றொசல்லயிலிருந்து புதுக்கடைக்குப் போய்ச் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப இரண்டு நாள் பெயர் விழாது.